நடராஜர் படத்துக்கு அடியில் இரண்டு வாஷர்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்த சின்ன சிவப்பு பல்பு அணைந்துவிட்டது. அதை மாற்றுவதற்காக நடராஜர் படத்தைக் கொஞ்சம் தூக்கினேன். படத்தின் இடது ஓரத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த இரண்டு உலோகத் துண்டுகள் நழுவி விழுந்து, தரையில் சறுக்கிக்கொண்டு போய்க் குத்துவிளக்கின் காலில் மோதி நின்றன. முதுகின் ஆட்சேபணையைப் பொருட்படுத்தாமல் குனிந்து எடுத்தேன். பாதி நிலா வடிவம். சின்ன அப்பளத்தை இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு வளையம் நறுக்கி எடுத்ததைப் போல இருக்கும். செம்பும் பித்தளையும் கலந்த நிறம். ஒன்றின் முதுகில் குங்குமம் கறுத்துப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் கழித்து அதில் வாசனை இருக்க நியாயமில்லை. ஆனாலும் சந்தனமும் என்ஜின் ஆயிலும் கலந்து வந்தது. என் மூக்குக்கு எப்போதுமே நியாயம் தெரியாது.

இந்த இரண்டு துண்டுகளும் முறைப்படி இருக்க வேண்டிய இடம் ஒரு டீசல் அம்பாசிடர் காரின் என்ஜினுக்குள். எங்கள் பூஜை அலமாரியின் பலகை ஒரு பக்கம் தாழ்ந்துபோனதால், நடராஜர் கூடுதலாகச் சாய்ந்துவிடக் கூடாதே என்று என் மனைவி சகுந்தலா இவற்றை அங்கே வைத்தாள். நடுவில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறையில் யார்மேலாவது பதினேழு பி என்னும் ஒழுங்கு விதிப்படி குற்றச்சாட்டு வந்தால் குறிப்பாணையை எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆள் தப்பு செய்தானா இல்லையா என்பது எனக்கு எப்போதும் இரண்டாம் பட்சம். குற்றச்சாட்டு தெளிவாகச் சொல்லப்பட்டதா, விளக்கம் கொடுக்கப் போதிய அவகாசம் தரப்பட்டதா, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு இருந்ததா, இவைதான் என் கவலை. நான் எழுதிய குறிப்பாணை எந்தத் தீர்ப்பாயத்திலும் விழுந்ததில்லை. இந்த அறிவுக்கு வீட்டில் ஒரு டம்ளர் மோரின் மதிப்புக்கூட இல்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. சாம்பாரில் உப்பு இல்லை என்பதை நான் எத்தனை முறைப்படி நிரூபித்தாலும், "போட்டேன்" என்ற ஒற்றை வார்த்தையில் வழக்கு முடிந்துவிடும்.

அந்தக் கார், எங்கள் துறை கழித்துக்கட்டி ஏலம் விட்டது. பல அதிகாரிகள் பின்சீட்டில் உட்கார்ந்து தேய்த்தது. அதை வாங்கி முன்சீட்டில் நான் உட்கார்ந்தபோது ஏதோ பதவி உயர்வு கிடைத்ததைப் போலத்தான் இருந்தது. கடலூரில் நாங்கள் இருக்கும் மஞ்சக்குப்பத்திலிருந்து கடற்கரை வரை போய்த் திரும்புவதற்குள் அது விட்ட புகையில் தெருவில் உலர்த்திய வேட்டியெல்லாம் நிறம் மாறியது. எதிர்வீட்டுக்காரர் கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று ஜன்னலைச் சாத்துவார். என்ஜினைப் பிரித்து முழு வேலை பார்த்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

கடலூரில் மெக்கானிக்குக் குறைவா? தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். நான் மூன்று பேரிடம் விசாரித்து ஒப்பிட்டு ஒருவரை முடிவு செய்திருந்தேன். சகுந்தலா வெங்காயம் உரித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"சிதம்பரத்துல தம்பிகிட்டக் குடுங்க."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். ஐந்தாறு வருஷமாக எங்கள் வீட்டில் 'தம்பி' என்ற சொல் வந்ததில்லை.

தம்பி என்றால் கலியமூர்த்தி, அவளுடைய ஒரே தம்பி. சிதம்பரத்தில் புவனகிரி சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருந்தான். கெட்டிக்காரன்தான். ஆனால் நாள், நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம் இவற்றைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். காலண்டரின் அன்றைய தாளைக் கிழிப்பதற்கே நேரம் பார்க்கிறவன்.

நாங்கள் தர்மபுரியில் இருந்தபோது என் மாமியார் இறந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தி வந்தது. சேலத்தில் ஒரு பஸ், விருத்தாசலத்தில் ஒரு பஸ் என்று மாறி மாறி ஓடினோம். வழி முழுக்கச் சகுந்தலா கண்டக்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள், அவர்தான் வண்டியை மெதுவாக ஓட்டுகிறார் என்பதைப் போல. புவனகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் நாங்கள் இறங்கியபோது ஐந்து மணி இருக்கும். தெருவில் கூட்டமில்லை. வீட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. வாசல் கழுவியிருந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஈரத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் கலியமூர்த்தி மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்தான்.

"நாலரைக்கு ராகு காலம்க்கா. பெரியவங்கள்லாம் அதுக்குள்ள எடுத்துடணும்னாங்க."

அவள் அழவில்லை. கடைசி முகத்தைப் பார்க்க அரைமணி நேரம் பொறுக்காத தம்பியோடு அன்றைக்கு நின்ற பேச்சுதான். கருமாதிக்கு வந்தாள், ஒரு ஓரமாக உட்கார்ந்தாள், எழுந்து வந்துவிட்டாள். நான் ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான கடலூருக்கே வந்து, ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் குடியேறியும்கூட அவள் சிதம்பரம் பக்கம் திரும்பவில்லை.

அப்பேர்ப்பட்டவள் கார் என்ஜினைக் காரணம் காட்டித் தம்பியிடம் போகச் சொல்கிறாள். எனக்குப் புரியாமலில்லை. என்ஜின் வேலைக்குத் தகுதியான ஆளை முறைப்படி தேர்வு செய்வதா, குடும்பப் பிரச்சினையைத் தீர்ப்பதா என்ற கேள்வி வந்தால், அதற்கு எந்த விதியும் கிடையாது. கடலூர் மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். குடிகாட்டுத் தொழிற்பேட்டையைத் தாண்டும்போது வருகிற மருந்து நெடியே அன்றைக்குத் தெரியவில்லை. என் காரின் புகை அதை அடித்துவிட்டது.

கலியமூர்த்தி வாசலுக்கு வந்து நின்றான்.

"என்னா மாமா, இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

"வழி தெரியும் மச்சான். வண்டிக்குத்தான் தெரியல."

சிரித்தான். காருக்குள் எட்டிப் பார்த்தான். பக்கத்து சீட்டு காலி. பானட்டைத் திறந்துவிட்டு, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டான். "அக்கா நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்கா."

"சுகரு ஏதும் இருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"சத்தம்தான் ஜாஸ்தியா இருக்கு" என்றான். என்ஜினைச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

ஆனி மாதம் முழுக்க என்ஜின் பிரிந்து கிடந்தது. கிராங்க் என்னும் உள்தண்டைக் கடலூர் பழைய நகரத்து லேத்துப் பட்டறையில் கடைசல் பிடிக்கக் கொடுத்திருந்தோம். அவர்கள் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, ஒரு வியாழக்கிழமை ராத்திரிதான் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஆனி கடைசி நாள், அதற்கு மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் என்ஜினை மூட மாட்டேன் என்றான் கலியமூர்த்தி. அப்படியானால் வெள்ளிக்கிழமையே மூட வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். பன்னிரண்டுக்குப் பிறகு மூடினால் என்ன என்று கேட்டேன். அதற்குமேல் நாள் சரியில்லையாம். ஆக, பத்தரைக்குள். இவனுடைய நாளில் நல்ல நேரம் என்று மிஞ்சுவது எவ்வளவு, அதில் இவன் எப்படிப் பிழைக்கிறான் என்று நான் வியந்தேன்.

அவன் பட்டறையில் ஒரு வழக்கம். என்ஜினுக்குள் போகிற புதுச் சாமான் எதையும் கடைப் பெட்டியிலிருந்து நேரே எடுத்து மாட்ட மாட்டான். சுவரில் சாமி அலமாரி, அதில் சிவப்பு பல்பு, நடராஜர். ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பரப்பி, ரிங், பேரிங், வாஷர் எல்லாவற்றையும் அதில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மாட்டுவான். மனிதனுக்கு ஆபரேஷன் செய்கிறவர்கள்கூட இவ்வளவு செய்வதில்லை.

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "மச்சான், மூடறதுக்கு முன்னால ஒரு தடவ சாமானயெல்லாம் சரிபாத்துடலாமே."

"மாமா, இது ஆபீசு இல்ல."

"இல்ல, விட்டுப்போச்சுன்னா..."

"நேரம் போவுது மாமா. பேசிக்கினே இருந்தா ராகு காலம் வந்து உக்காந்துடும்."

பத்தரைக்கு ஒரு நிமிஷம் முன்னால் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவனைப் போலச் சிரித்தான். தட்டைப் பூவோடும் வெற்றிலையோடும் அப்படியே அலமாரியில் தூக்கி வைத்தான்.

என்ஜினைக் காரில் ஏற்றி முடித்ததும், சாயங்காலம் வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். புகை இல்லை. என்ஜின் புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாகப் பேசியது. சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே வந்தேன். ஆலப்பாக்கத்தில் ஒரு எருமை சாலையின் நடுவில் நின்று யோசித்தது. கிளட்சை மிதித்தேன். வண்டிக்குள்ளிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம், கோயில் மணியை மட்டையால் அடித்தது போல. என்ஜின் நின்றுவிட்டது. எருமை என்னைத் திரும்பிப் பார்த்தது.

அதிலிருந்து ஆரம்பித்தது. கிளட்சை மிதித்தால் ணங். கியர் மாற்றினால் ணங். எங்கே நிறுத்தினாலும் ணங், பிறகு மௌனம். மஞ்சக்குப்பத்தில் நான் வருகிறேன் என்பது இரண்டு தெரு தள்ளியே தெரிந்துவிடும். எதிர்வீட்டுக்காரர், கொசு வண்டி போய் ஐஸ் வண்டி வந்துவிட்டது என்றார்.

திரும்பப் போனேன். "புது என்ஜின் மாமா, ஓட ஓட செட்டாயிடும்" என்றான். ஓட்டினேன். செட்டாகவில்லை. மறுபடி போனேன். கிளட்ச் பிளேட்டை மாற்றினான். மறுபடி. என்ஜின் உட்காரும் ரப்பரை மாற்றினான். மறுபடி. ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, "இப்பப் பாருங்க" என்றான். பார்த்தேன். ணங். என்ஜினைத் திறந்து பார் என்றால், ஆடியில் திறக்க மாட்டானாம். ஆவணியில் கேட்டேன். நல்ல நேரத்தில் மூடிய என்ஜினை உடனே திறந்தால் அந்த வண்டி உருப்படாதாம். புரட்டாசியில் கேட்டேன். புரட்டாசி என்றாலே காரணம் வேண்டாமாம். அரசாங்கத்தில் ஒரு கோப்பைத் தாமதிக்க எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் அறிந்தவன் நான். இந்த ஆள் பஞ்சாங்கம் ஒன்றை வைத்துக்கொண்டு எங்கள் துறையையே தோற்கடித்தான்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. முதல் தடவை நான் சத்தத்தோடு சிதம்பரம் கிளம்பியபோது, சகுந்தலா ஒரு டப்பாவில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொடுத்துவிட்டாள். "யாருக்கு?" என்றேன். "வண்டிக்கா குடுப்பாங்க?" என்றாள். கலியமூர்த்தி அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, மூடி, தன் மேஜை அறையில் பத்திரமாக வைத்தான். டப்பா திரும்பும்போது அதற்குள் சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு இருந்தது. அடுத்த தடவை முறுக்கு போயிற்று, வாழைப்பூ வந்தது. அதற்கடுத்த தடவை பக்கத்து சீட்டில் சகுந்தலாவே உட்கார்ந்திருந்தாள், "கோயிலுக்கு" என்று சொல்லிக்கொண்டு. கோயில் கிழக்கே இருக்க, மேற்கே பட்டறையில் இறங்கினாள். இருவரும் முதல் நாள் ஒருவரையொருவர் பார்க்காமல் என் வழியாகப் பேசிக்கொண்டார்கள். "காபி சாப்புடுவாங்களான்னு கேளுங்க மாமா." "சக்கர கொறச்சலா போடச் சொல்லுங்க." நான் தபால்காரன் மாதிரி நடுவில் நின்றேன். ஆவணி முடிவதற்குள் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. அவள் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு, அத்தை மகன் யாருடைய கல்யாணத்திலோ சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். அம்மாவைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் ஒதுங்கினால் இருவரில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

ஆக, அந்தச் சத்தம் நின்றுவிட்டால் இரண்டு பேருக்கு நஷ்டம். நிற்கவேண்டும் என்று விரும்பியது உலகத்தில் நான் ஒருவன்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வருகிறது என்றால் மிதிக்கிற விசை எதையோ தள்ளுகிறது. ஒரு நாள் காலையில் பானட்டைத் திறந்து வைத்து, சகுந்தலாவை உள்ளே உட்கார வைத்து, நான் முன்னால் குனிந்து நின்றுகொண்டு, "மிதி" என்றேன். மிதித்தாள். ணங். என்ஜினின் முன்பக்கம் இருக்கும் பட்டைச் சக்கரம், சுற்ற மட்டுமே வேண்டிய சக்கரம், ஒரு விரல்கடை முன்னால் என்னை நோக்கி வந்தது. "விடு" என்றேன். பின்னால் போனது. "மிதி." வந்தது. உள்தண்டு முன்னும் பின்னும் நகராமல் இருக்க அதன் இரண்டு பக்கமும் அரைவட்டமாக நான்கு வாஷர்கள் போட வேண்டும். என்னிடம் இருந்த கைப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. போட்டிருந்தால் தண்டு இப்படி ஊஞ்சலாட வழியில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது ஒரு அப்பளத்தை இரண்டாக உடைத்து இலையில் வைத்து அவளுக்கு விளக்கினேன். "இந்த மாதிரி நாலு துண்டு. ஒன் தம்பி இத விட்டுட்டான். நிச்சயமா சொல்றேன்."

அவள் அந்தத் துண்டுகளைப் பார்த்தாள். "அவன்கிட்ட இதச் சொல்லப் போறீங்களா?"

"பின்ன? குற்றச்சாட்டு இவ்வளவு தெளிவா இருக்கு."

"சொல்லாதீங்க." சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. "நீங்க கேக்குறது கேள்வி மாதிரி இருக்காது, வெசாரண மாதிரி இருக்கும். தொழில்ல குத்தம் சொல்லிட்டாருன்னு மூஞ்சியத் திருப்பிக்குவான். அஞ்சாறு வருஷம் கழிச்சு இப்பதான் அந்த மூஞ்சியப் பாக்குறேன். எனக்குன்னு பொறந்த வீட்டுல இருக்குறது அவன் ஒருத்தன்தான். வண்டி நிக்குதுன்னா நின்னுட்டுப் போவுது."

அவள் அந்த அப்பளத் துண்டை எடுத்துத் தின்றுவிட்டாள். ஆதாரம் அழிந்தது.

அதற்குப் பிறகும் ஒருமுறை, பொதுவாகக் கேட்பதைப் போல, "மச்சான், அந்த அரைவட்ட வாஷரு..." என்று ஆரம்பித்தேன். "போட்டனே மாமா! என் கையால போட்டேன்" என்றான். அதே 'போட்டேன்'. அக்காளும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வேறு மெக்கானிக்கிடம் போனால் அது கலியமூர்த்தியின் காதுக்கு அன்றைக்கே போய்விடும். இவனிடமே விட்டால் திறக்க மாட்டான். சாலையெங்கும் ணங் ணங் என்று ஊர் சிரிக்க ஓட்டினேன். என் பணிக்காலத்தில், குற்றம் தெரிந்து, குற்றவாளி தெரிந்து, விதியும் தெரிந்து, ஒன்றும் செய்ய முடியாமல் நான் இருந்த ஒரே வழக்கு அது.

ஆயுத பூஜை அந்த வருஷம் சனிக்கிழமை வந்தது. பட்டறைக்கு வரும்படி கலியமூர்த்தி அக்காளைத் தனியாகப் போன் செய்து அழைத்திருந்தான். போனோம். ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம் என்பதால் பத்தரைக்கு மேல்தான் பூஜை. வாழை இலையில் ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான் கலியமூர்த்தி. பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தான். வைத்து முடித்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. பட்டறையில் நெடுநாளாக வேலை செய்யும் ஏழுமலை என்பவர் பொரியையும் கடலையையும் கலந்துகொண்டிருந்தார். ஒரு மூலையில் ரேடியோ. எனக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி.

சும்மா இருக்க முடியாத சகுந்தலா, சாமி அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று முந்தானையைச் செருகிக்கொண்டாள். மூன்று மாதப் பூ, சாம்பல், எண்ணெய்ப் பிசுக்கு. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தாள். அந்த எவர்சில்வர் தட்டை இறக்கினாள். தினமும் அதன்மேலேயே புதுப் பூவைப் போட்டு வந்ததில் அது ஒரு சின்னக் குப்பைமேடாக இருந்தது. பூவைத் தள்ளினாள். அடியில் வெற்றிலை காய்ந்து சருகாகித் தட்டோடு ஒட்டியிருந்தது. நகத்தால் பெயர்த்தாள். வெற்றிலைக்கு அடியில் நழுவிப்போய், சந்தனத்தில் பசையாக ஒட்டிக்கொண்டு, குங்குமப் பொட்டோடு இரண்டு அரை நிலா.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மூன்று மாதமாகத் தேடிய சான்று, சாட்சிகள் முன்னிலையில், எதிரியின் இடத்திலேயே கைப்பற்றப்பட்டிருக்கிறது. எத்தனை விசாரணை அலுவலர்களுக்கு இது வாய்க்கும்? வாயைத் திறந்தேன். சகுந்தலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்பளத் துண்டை அவள் மறக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொள்வாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கலியமூர்த்தியின் எதிரே போய் உட்கார்ந்து, வாழை இலையில், அவனுடைய ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தாள்.

"இதுக்கும் நேரமாயிடுச்சாடா, தம்பி?"

குரலை உயர்த்தவில்லை. கலியமூர்த்தியின் சந்தன விரல் அந்தரத்தில் நின்றது. வாஷரைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எதைக் கேட்கிறாள் என்பது அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஏழுமலை ரேடியோவை நிறுத்திவிட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாதபோதிலும்.

கலியமூர்த்தி எழுந்தான். இலையிலிருந்து, அப்போதுதான் பொட்டு வைத்த ஸ்பேனரை எடுத்தான்.

"மாமா, சாவி குடுங்க."

ஏழுமலை பதறினார். "மேஸ்திரி, ராகு காலம்! ஆயுதத்தத் தொடாதீங்க, பூசை ஆவல!"

"இருந்துட்டுப் போவட்டும்."

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். மூன்று மாதம் திறடா திறடா என்று தொண்டை கிழியக் கேட்டவன், இப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நாளைக்கு விஜயதசமி, நாளைக்குத் தொடங்கினா முறையா இருக்கும்" என்கிறேன். முறை என்ற வியாதி அப்படிப்பட்டது. அவன் என் கையை விலக்கிவிட்டு, காரை ஜாக்கியில் தூக்கிக் கட்டைகளின்மேல் நிறுத்தி, பட்டுக்கரை வேட்டியோடு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வெளியே அவன் பாதம் இரண்டு மட்டும் தெரிந்தன. ஆயிலைத் திறந்துவிடுகிற சத்தம். பிறகு போல்ட் கழலும் சத்தம். சகுந்தலா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்துக் காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா."

"ம்."

"அன்னிக்கு ரோட்டு மொனைலதான் நின்னேன். ரெண்டு பஸ்ஸு போச்சு. ஒன்னக் காணும்."

ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது.

"மூணாவது பஸ்ஸுல வந்தேன்டா" என்றாள் சகுந்தலா.

அவன் அடியிலிருந்து கையை நீட்டினான், ஏதோ ஸ்பேனருக்காக இருக்கும். அவள் ஸ்பேனரைக் கொடுக்காமல் அந்த எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஏழுமலையும் வெளியே போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். புவனகிரி சாலையில் பார்க்க ஒன்றுமில்லை.

என்ஜினுக்குள் போட்டிருந்த இரண்டு வாஷர்களும் துணையில்லாமல் நழுவிக் கீழே விழுந்து, மென்று துப்பியது போலக் கிடந்தன. உள்ளே தேய்மானம் கண்டுவிட்டதால், விடுபட்ட இவை இரண்டும்கூடப் பயன்படவில்லை. இன்னும் தடிமனான புது செட் வரவழைத்துத்தான் போட வேண்டியிருந்தது. சத்தம் நின்றது. பூஜை அன்றைக்குச் சாயங்காலம் கறுத்த கைகளோடு நடந்தது. பொரியில் ஆயில் வாசனை. குப்பைக்குப் போக இருந்த வாஷர்களை, "சாமி தட்டுல இருந்தத எறிவாங்களா?" என்று சகுந்தலா எடுத்துவந்துவிட்டாள்.

கலியமூர்த்தி வாஷரை விட்டதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் யார் கேட்டாலும், "மாமா வண்டிக்கு கிளட்சுல ஒரு சின்ன வேல இருந்துச்சு, பாத்துட்டேன்" என்பான். நான் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் பல் தேய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ராகு காலமும் அவனை விட்டுப் போகவில்லை. ஒருநாள் மீறியதற்கு வட்டி போல, அன்றிலிருந்து எனக்கும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தான். காலையில் பல் துலக்கும் நேரத்தில் போன் வரும். "மாமா, ஒங்களுக்கு இன்னிக்குச் சந்திராஷ்டமம். வண்டிய எடுக்காதீங்க." பேரனுக்குத் தடுப்பூசி என்றால், "பத்தரைக்கு மேல போடச் சொல்லுங்க." போனை வைத்துவிடலாம் என்றால் அக்காளிடம் கொடுக்கச் சொல்வான். காபி ஆறிப்போகும்.

மறுவருஷம் மார்கழியில் 'தானே' புயல் பட்டறையின் தகரக் கூரையை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு தகடு கூடக் கிடைக்கவில்லை. சாமி அலமாரி மட்டும் சுவரில் இருந்தது. கொஞ்ச நாள் கீற்றுப் போட்டு ஓட்டினான், பிறகு விட்டுவிட்டான். அந்த இடத்தில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். அம்பாசிடர் எடைக்குப் போயிற்று. எருமை நின்ற ஆலப்பாக்கத்தை இப்போது புதுச் சாலை தொடாமலே தாண்டிவிடுகிறது. கலியமூர்த்தியும் போய்ச் சில வருஷமாகிறது. அன்றைக்குச் சகுந்தலா வந்து இறங்கும்வரை அவனை எடுக்கவில்லை. பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தார்கள், வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவி வாசற்படியை மறித்து உட்கார்ந்திருந்தாளாம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வாஷரும் கையுமாக எவ்வளவு நேரம் நின்றேனோ. சமையலறையிலிருந்து சகுந்தலாவின் குரல் வந்தது.

"அத எடுத்த எடத்துலயே வையிங்க. படம் சாயுது."

மணி பார்த்தேன். வெள்ளிக்கிழமை, பதினொன்று. கடைந்தெடுத்த ராகு காலம். போன் பக்கத்திலேயே இருந்தது. "இப்ப வேணாம் மாமா, ஒரு மணி நேரம் பொறுங்க" என்று உயிரை வாங்க அதில் ஆளில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நடராஜரைத் தூக்கி, இரண்டு வாஷரையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடியில் வைத்தேன்.